கருக்குழாய்ப் புற்றுநோய்: தேடுகிறவருக்கே தென்படும் நோய்

மதுரைக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்று, கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும் கருவிகள் எதுவுமின்றி முன்கூட்டியே பிடித்துவிட முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இயங்கும் சமுதாய நல மையத்தினரும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த மருத்துவர் சங்கரநாராயணனும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில், 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்ட ஊர்களில் பாதியில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடம் உண்டா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் பார்த்தனர். 31,343 பெண்கள் இச்சோதனைக்கு வந்தனர். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானபோது, சோதனை நடந்த ஊர்களில் புதிதாக நோய் தோன்றுவது 25 விழுக்காடும், அந்நோயால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. இந்த வெற்றிக்கு அடிப்படை, கருப்பை வாய் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருப்பதுதான். அங்கிருந்து ஒரு சாண் தொலைவுகூட இல்லாத கருக்குழாயில் நோய் தோன்றினால், அதே ஊர்ப் பெண்ணுக்கு, அதே செவிலியர் செய்யக்கூடிய சோதனை என்று இன்றுவரை எதுவும் கிடையாது.

கருப்பையின் மேல் மூலைகளிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டு, சினைப்பையை நோக்கி வளைந்து செல்லும் 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாயே கருக்குழாய். இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபலோப்பியோ, 1561இல் வெளியிட்ட தம் நூலில் இதைத் தெளிவாக விவரித்ததால் மருத்துவ உலகில் இது ஃபெலோப்பியன் டியூப் ஆயிற்று. மக்கள் பேச்சில் வெறும் 'டியூப்'. கருப்பையை ஒட்டிய பகுதி குறுகலாகவும், நடுப்பகுதி சற்று அகன்றும், சினைப்பைப் பக்கத்து முனை வாய் திறந்து குஞ்சமாகப் பிரிந்தும் இருக்கும். குஞ்சத்தின் இழைகள் சினைப்பையைத் தடவிக்கொண்டிருந்து, மாதந்தோறும் வெளிவரும் முட்டையை உள்ளே ஏற்கின்றன. குழாயின் உட்சுவரில் இரு வகைச் செல்கள் உள்ளன: நுண்மயிர்களை அசைத்து முட்டையை நகர்த்துபவை ஒரு வகை, நீர் சுரப்பவை மற்றொரு வகை. புற்றுநோய் பெரும்பாலும் இந்தச் சுரக்கும் செல்களிலிருந்தே, அதுவும் குஞ்சத்தில் உள்ளவற்றிலிருந்தே தொடங்குகிறது. குஞ்சம் வயிற்றறைக்குள் திறந்திருப்பதால், அங்கே பிறக்கும் புற்றுச் செல் எந்தச் சுவரையும் துளைக்க வேண்டியதில்லை. உதிர்ந்தாலே போதும், சினைப்பையின் மேலும் குடலைப் போர்த்தியுள்ள கொழுப்புத் திரையின் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். மூலக்கட்டி கடுகளவில் இருக்கும்போதே வயிற்றில் நீர் கோத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களில் கருக்குழாய்க்கு உரிய பங்கு நூற்றில் ஒன்று, அல்லது அதற்கும் கீழே என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அந்த எண்ணிக்கையைப் பெற்ற முறையைக் கவனித்தால், அரிது என்ற பெயர் பாதியளவு விதிமுறையால் வந்தது என்பது புரியும். 1950இல் ஹூ என்பவரும் அவர் குழுவினரும் வகுத்து, பின்னர் செட்லிஸ் திருத்திய அளவுகோலின்படி, கட்டி குழாயின் உட்சுவரிலிருந்தே எழுந்திருக்க வேண்டும், இயல்பான சுவர் புற்றாக மாறும் இடம் கண்ணில் பட வேண்டும், சினைப்பையும் கருப்பையும் நலமாக இருக்க வேண்டும் அல்லது அவற்றிலுள்ள கட்டி குழாயில் உள்ளதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மூன்று உறுப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரே திரளாக மேசைக்கு வரும் நோயில், சினைப்பைக் கட்டி பெரிதாக இருப்பதே வழக்கம். எனவே சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றும் சினைப்பைப் புற்றுநோய் என்றே பதிவாயிற்று. பெரிதாக வளர்ந்த இடமே பிறந்த இடம் என்று கொள்வதில் உள்ள பிழையை எவரும் சுட்டாமல் அரை நூற்றாண்டு கழிந்தது வியப்புக்குரியது.

அந்தப் பிழை வெளிப்பட்டது, நோயே இல்லாத பெண்களின் உறுப்புகளிலிருந்து. மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் தலைமுறைதோறும் தொடரும் குடும்பங்களில் பழுதுபட்டிருக்கும் பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்னும் இரு மரபணுக்கள் முறையே 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. இப்பழுதை உடைய பெண்கள் நோய் வருமுன்பே சினைப்பைகளையும் குழாய்களையும் அகற்றிக்கொள்ளத் தொடங்கியபோது, நெதர்லாந்தின் பீக் என்ற ஆய்வாளரின் குழு, அவ்வாறு அகற்றப்பட்ட உறுப்புகளில் சினைப்பையோடு நிறுத்தாமல் குழாயையும் ஆராய்ந்தது. மரபுவழி ஆபத்துள்ள 12 பெண்களில் 6 பேரின் குழாய்ச் சுவரில் புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இருந்தன என்று 2001இல் அக்குழு அறிவித்தது. பாஸ்டன் நகரின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் கிரம் என்பவரின் தலைமையில் இயங்கிய நோயியல் துறையினர், அடுத்த சில ஆண்டுகளில், குஞ்சம் முழுவதையும் நுணுக்கமாக அறுத்துப் பார்க்கும் 'சீ-ஃபிம்' என்ற முறையை வகுத்து, தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் குஞ்சத்திலேயே இருப்பதைக் காட்டினர். சுவரின் ஒற்றை அடுக்குக்குள்ளேயே அடங்கியிருக்கும் அந்த நிலைக்கு இன்று 'ஸ்டிக்' என்று பெயர். சினைப்பைப் புற்றுநோய் என்று பெயரிடப்பட்டவற்றுள் மிகப் பெரும் பிரிவாகவும் கொடியதாகவும் உள்ள உயர்தர சீரஸ் வகையில், குழாயை முழுமையாகத் தேடிய இடங்களிலெல்லாம் கணிசமானோரிடம் இந்த ஸ்டிக் உடனிருந்தது. ஸ்டிக் தோன்றுவதற்கும் சினைப்பையில் புற்று வேர்விடுவதற்கும் இடையே சராசரியாக ஆறரை ஆண்டுகள் கழிவதாக, மரபணு மாற்றங்களைக் கணக்கிட்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2017இல் மதிப்பிட்டனர். சினைப்பை, கருக்குழாய், வயிற்றறை உறை ஆகிய மூன்றின் புற்றுநோய்க்கும் ஒரே நிலைப் பகுப்பைப் பன்னாட்டு மகப்பேறு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான 'ஃபிகோ' 2014இல் வெளியிட்டது இந்த அறிவின் விளைவே.

ஆகவே, இந்நோய் எத்தனை பேருக்கு உண்டு என்பது, அறுத்தெடுத்த உறுப்பு நோயியல் ஆய்வகத்தின் மேசையில் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. அறுவை அரங்கிலிருந்து வரும் குழாய், பத்து விழுக்காட்டு ஃபார்மலின் கரைசலில் ஊறிக் கெட்டிப்பட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே கையாண்டால், ஒற்றை அடுக்காக உள்ள உட்சுவர்ச் செல்கள் உரிந்து போய்விடும், தேட வேண்டியதே தொலைந்துவிடும். பழைய வழக்கப்படி, குழாயின் நடுவில் குறுக்காக ஒன்றிரண்டு வில்லைகள் அறுத்து, மெழுகில் பதித்து, 'குழாய் இயல்பானது' என்று எழுதி முடிப்பார்கள். சீ-ஃபிம் முறையில், குஞ்சமுள்ள முனையை ஏறத்தாழ இரண்டு செ.மீ. அளவுக்குத் தனியே வெட்டி, அதை நீளவாக்கில் பல கீற்றுகளாக்கி, மடிப்புகளின் பரப்பு முடிந்தவரை வெளியே தெரியும்படி பதிப்பார்கள். மீதிக் குழாயை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வளையங்களாக அறுத்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மெழுகுக் கட்டிகளாக்குவார்கள். மைக்ரோடோம் என்னும் சீவும் கருவி அக்கட்டியிலிருந்து மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக் கனத்தில் சீவியெடுக்கும் ஏடு கண்ணாடியில் ஏறி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமூட்டப்பட்டு நுண்ணோக்கியின் கீழ் வரும்போது, ஒழுங்காக வரிசைப்பட்ட செல்களுக்கு நடுவே சிறிது தூரத்துக்கு மட்டும் கருக்கள் பெருத்து, கறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருக்கும். அந்த இடத்தில் பி53 என்னும் புரதம் மிகையாகவோ அறவே இல்லாமலோ இருக்கிறதா என்று சிறப்புச் சாயத்தால் உறுதி செய்துகொள்கின்றனர். ஒரு குழாய்க்கு ஒரு கட்டி என்பதற்குப் பதிலாகப் பல கட்டிகள் தேவைப்படுவதால் வேலையும் செலவும் பெருகும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மாதிரிகள் குவியும் அரசு மருத்துவமனையில் இதை எல்லோருக்கும் செய்ய இயலாது, மரபுவழி ஆபத்துள்ளவர்களுக்கும் சந்தேகம் எழுந்தவர்களுக்கும் செய்வதே நடைமுறைக்கு உகந்தது. மற்றவர்களுக்கும் குஞ்சத்தையாவது பதிக்க வேண்டும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டுவரும் கருத்து.

மேசைக்கு வரும் முன்பே நோயைச் சந்தேகிக்க வழியுண்டா என்றால், பாடநூல்களில் ஒரு புகழ்பெற்ற அடையாளம் இருக்கிறது. வியன்னாவின் மகளிர் மருத்துவர் லாட்ஸ்கோ 1916இல் குறித்தபடி, அடிவயிறு விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடித்து வலிக்கும். பின்பு இரத்தம் கலந்த நீர் திடீரென மிகுதியாக வெளியேறும். வெளியேறியதும் வலி தணிந்து, வயிற்றில் தட்டுப்பட்ட கட்டியும் சிறுக்கும். குழாய்க்குள் தேங்கிய நீர் கருப்பை வழியே வடிவதால் நேரும் இந்த மூன்றும் சேர்ந்து காணப்படுவது நூறு நோயாளிகளில் பதினைந்து பேருக்கும் குறைவாகவே. மதுரை வட்டாரத்துப் பெண்கள் சொல்வதெல்லாம் 'வயிறு உப்பிக்கிட்டே இருக்கு', 'ரெண்டு வாய் சாப்பிட்டா நெறஞ்சிருது', 'அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது' என்பவைதாம். அறுபதை நெருங்கும் பெண்ணின் வாயிலிருந்து வரும் இந்தச் சொற்கள் கேஸ் ட்ரபிள் என்று அவராலும், அல்சர் என்று மருந்துக் கடையாலும் எளிதில் தீர்ப்பளிக்கப்பட்டு, மாதங்கள் ஓடிவிடுகின்றன. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் எந்த இரத்தக் கசிவும், நீர்போன்ற வெளியேற்றமும் ஆராயப்பட வேண்டியவை. கருப்பை வாயிலிருந்து வழித்தெடுக்கும் பாப் பரிசோதனையில் சுரப்பிச் செல் புற்று தெரிந்து, வாயிலும் உட்சுவரிலும் தேடியும் மூலம் அகப்படாதபோது, கருக்குழாயை நினைத்துக்கொள்வது அனுபவமுள்ள மருத்துவர்களின் வழக்கம்.

இவ்வட்டாரத்தில் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். 'டியூபை எடுத்தாச்சு' என்றே அவர்களில் பலர் சொல்வார்கள். உண்மையில் அந்த அறுவையில் குழாயின் நடுவில் ஒரு வளையத்தைத் தூக்கிக் கட்டி, ஒன்றிரண்டு செ.மீ. துண்டை மட்டுமே வெட்டியெடுக்கின்றனர். சினைப்பையை ஒட்டிய பாதியும் அதன் குஞ்சமும் அப்படியே இருக்கின்றன. இவ்வறுவை சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பை ஓரளவு குறைப்பது உண்மை என்றாலும், குஞ்சத்திலிருந்து எழும் சீரஸ் வகையில் அந்தப் பயன் மற்ற வகைகளில் உள்ள அளவுக்கு இல்லை. இதுபோலவே, பெரும்போக்குக்காகக் கருப்பையை எடுத்துக்கொண்டவர்கள், தமக்கு இனி அந்தப் பக்கத்து நோய் எதுவும் வராது என்று நம்புகின்றனர். சினைப்பையும் குழாயும் உள்ளேயே விடப்பட்டனவா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தே சொல்ல முடியும், பத்தாண்டுக்குப் பின் அந்தத் தாள் கையில் இருப்பதோ அபூர்வம்.

ஸ்கேன் சோதனைகளில் முதலாவது, யோனி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட். புற்றுள்ள குழாய் நீர் நிறைந்து, நீண்டு வளைந்த பை போலத் தெரிவதோடு, அதன் உட்சுவரிலிருந்து திடமான முகடுகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். டாப்ளர் முறையில் பார்த்தால் அம்முகடுகளுக்குள் இரத்தம் தாராளமாக ஓடும். ஆனால் பழைய தொற்றால் அடைபட்டு நீர் கோத்த குழாயும் ஏறத்தாழ இதே வடிவில்தான் இருக்கும். 'அட்னெக்சல் மாஸ்', 'டியூபோ ஓவேரியன் மாஸ்', 'காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்' என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதப்படுபவை கருப்பைக்குப் பக்கத்தில் ஏதோ திரள் உள்ளது என்பதற்கு மேல் எதையும் உறுதியாகக் கூறுவதில்லை. சி.டி. ஸ்கேன் நோய் எதுவரை பரவியது என்பதையும், எம்.ஆர்.ஐ. திரளின் உள்ளமைப்பையும் கூடுதலாகக் காட்டும். பெயர் சூட்டும் வேலையை அவையும் செய்வதில்லை.

இரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 என்ற புரதம், 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவால் அறிமுகமானது. ஒரு மில்லிலிட்டருக்கு 35 அலகு என்பது வழக்கமான எல்லை. மாதவிடாய் நாள்களிலும், கருவுற்றபோதும், எண்டோமெட்ரியோசிஸ், ஈரல் நோய், காசநோய் ஆகியவற்றிலும் இது ஏறும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் கூடாது, ஆறுதல் கொள்ளவும் கூடாது. 1990இல் பிரிட்டனில் ஜேக்கப்ஸ் குழுவினர் வகுத்த ஆபத்துக் குறியீடு, இந்த எண்ணை வேறு இரு எண்களால் பெருக்கச் சொல்கிறது: மாதவிடாய் நின்றவருக்கு 3, நில்லாதவருக்கு 1, ஸ்கேனில் பல அறைகள், திடப் பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், பரவல் ஆகிய ஐந்தில் ஒன்றிருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்குச் சிஏ-125 வெறும் 60தான் என்றாலும், ஸ்கேனில் திடப் பகுதியும் நீரும் இருந்தால் 3 × 3 × 60 என 540 வருகிறது; 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஊரிலுள்ள சிறு மருத்துவமனையிலேயே தாளும் பேனாவும் கொண்டு போடக்கூடிய கணக்கு இது. போட்டுப் பார்க்கும் வழக்கம்தான் வேண்டும்.

அறிகுறி எதுவுமில்லாத பெண்களுக்கு இதே சோதனையை ஆண்டுதோறும் செய்தால் என்ன என்ற கேள்விக்கு, பிரிட்டனில் 2,02,638 பெண்களைக் கொண்டு நடந்த மாபெரும் ஆய்வு 2021இல் விடையளித்தது. சிஏ-125 முறையில் தொடக்கநிலை நோய் சற்று கூடுதலாகக் கண்டறியப்பட்டபோதும், இறப்பு குறையவில்லை. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் மதுரை உட்பட எல்லா நகரங்களிலும் விற்கப்படும் தொகுப்புகளில் சிஏ-125ஐயும் சேர்த்திருப்பதற்கு மருத்துவ நியாயம் ஏதுமில்லை.

மேலைநாட்டுப் பாடநூல்கள் சில வரிகளில் கடந்துபோகும் காசநோய், தென்மாவட்டங்களில் இந்நோய்க் கண்டறிதலின் பெரும் சிக்கல். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைக் காசநோய் தாக்கும்போது, அநேகமாக எல்லோருக்கும் கருக்குழாய்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. குழாய் தடித்து, நீரோ சீழோ கோத்து, சினைப்பையோடு ஒட்டித் திரளாகிறது. வயிற்றறை உறைக்குப் பரவினால் நீர் சேர்கிறது, கொழுப்புத் திரை தடிக்கிறது, உடல் மெலிகிறது, சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறுகிறது. பரவிய கருக்குழாய்ப் புற்றின் வரைபடமும் வரிக்கு வரி இதுவே. இதனால் இருபுறமும் தவறு நேர்கிறது. ஆறு மாத மாத்திரையில் குணமாகியிருக்க வேண்டிய இளம்பெண் புற்றுநோய் என்ற சந்தேகத்தில் வயிறு திறக்கப்பட்டு, உறுப்புகளை இழந்து குழந்தைப்பேற்றுக்கு வழியற்றுப் போகலாம்; புற்றுநோய் உள்ளவரோ திசு ஆதாரம் எதுவுமின்றிக் காசநோய் மருந்தைத் தின்று, அதற்குள் நோய் முற்றிவிடலாம். தோப்பூரில் காசநோய்க்கென்றே நெடுங்காலமாக இயங்கும் அரசு நெஞ்சக மருத்துவமனையைக் கொண்ட ஊர்ப்பக்கம் இது என்பதால், காசநோயை நினைக்க மறப்பவர் இங்கே குறைவு. ஆதாரம் கிடைக்குமுன் அதையே முடிவு செய்துவிடுவதுதான் இங்குள்ள ஆபத்து. வயிற்று நீரை எடுத்து, அதில் புற்றுச் செல் உண்டா என்று பார்ப்பது, அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியின் அளவைப் பார்ப்பது, காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சி.பி.நாட் சோதனை ஆகியவை உதவும். கிருமி அகப்படாவிட்டால் காசநோய் இல்லை என்று அதனால் ஆகிவிடாது. உறையிலிருந்தோ கொழுப்புத் திரையிலிருந்தோ லேப்பராஸ்கோப் மூலமோ ஊசி மூலமோ ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே தீர்வு: ஒன்றில் காசநோய்க்கு உரிய கிரானுலோமா முடிச்சுகள், மற்றொன்றில் புற்றுச் செல்கள்.

பரவாத நிலையில், ஒரே பையாக நிற்கும் சந்தேகக் கட்டிக்கு விதி வேறு. அதில் ஊசி குத்தி நீரை உறிஞ்சிப் பார்ப்பதும், லேப்பராஸ்கோப்பில் உள்ளேயே உடைத்து எடுப்பதும் ஆகாது. ஒரு குழாயோடு அடங்கியிருந்த முதல் நிலை நோய், உடைந்த அக்கணமே மேல்படிக்கு மாறிவிடுகிறது. முழுதாக எடுத்து, அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே உறைய வைத்துச் சீவிப் பார்க்கும் ஃப்ரோசன் செக்ஷன் வசதியுள்ள இடத்தில் செய்தால், புற்று என்று தெரிந்தவுடன் மிச்ச அறுவையையும் அதே மயக்கத்தில் முடித்துவிடலாம். மதுரையில் மக்கள் பெரியாஸ்பத்திரி என்றழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையும், தனியார் பெருமருத்துவமனைகளும் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத்தவரையும் சேர்த்தே பார்க்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை ஈடு செய்கிறது. ஊரிலேயே பாதி அறுவையை முடித்துக்கொண்டு, பிறகு புற்றுநோய் என்று அறிந்து மதுரைக்கு வருபவருக்கு இரண்டாவது முறை வயிறு திறக்க வேண்டியிருக்கிறது.

எடுத்த கட்டி புற்று என்றான பிறகும், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிற்கும். இரைப்பை, குடல், மார்பகம் ஆகியவற்றின் புற்றும் குழாயிலும் சினைப்பையிலும் வந்து குடியேறக்கூடியது. பாக்ஸ்-8, டபிள்யூ.டி.-1 என்னும் புரதங்களுக்கான சாயம் ஏறினால் குழாய்-சினைப்பைப் பிறப்பென்றும், சி.டி.எக்ஸ்.-2 ஏறினால் குடலென்றும் நோயியலார் பிரித்தறிகின்றனர். குழாயில் மிக மிக அரிதாகத் தசைப் புற்றான சார்கோமாவும், இரு வகைத் திசுவும் கலந்த கார்சினோசார்கோமாவும் உண்டு. குழாயில் கரு தங்கிய பின் நஞ்சுத் திசுவிலிருந்து எழும் கோரியோகார்சினோமா தனித்துச் சொல்லத்தக்கது. அதன் அடையாளம் சிஏ-125 அன்று, கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனே. குழாய்க் கர்ப்பம் வெடித்து உயிர் காக்க அவசரமாக அகற்றப்பட்ட குழாயையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

நோய் உறுதியான பெண்ணுக்கு, குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லை என்றாலும், பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை செய்வதே இன்றைய நெறி. சிகிச்சை மருந்தைத் தெரிவு செய்யவும் அது பயன்படும். குடும்ப வரலாறு கேட்கும்போது தாய்வழியை மட்டும் விசாரித்து நிறுத்துவது நம்மிடையே பெருவழக்கு. பழுதுபட்ட மரபணுவைத் தந்தையும் சரிபாதி வாய்ப்போடு மகளுக்குத் தருகிறார். எனவே சித்தியின் மார்பகப் புற்றுநோய்க்கு உள்ள எடை அத்தையின் நோய்க்கும் உண்டு. அத்தை கட்டிக்கொடுத்துப் போன வீட்டார் என்பதால் அவர் நோய் 'நம்ம குடும்பத்துது இல்ல' என்று விடுபடுகிறது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மரபுவழிப் புற்றுநோய்க்கெனத் தனிப்பிரிவே உண்டு. பி.ஆர்.சி.ஏ.-1 பழுதுள்ளவர்கள் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.-2 பழுதுள்ளவர்கள் அதிலிருந்து ஐந்தாண்டு கழித்தும், பிள்ளைப்பேறு முடிந்தபின், சினைப்பைகளையும் குழாய்களையும் அகற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். நலமாக இருப்பதாக நம்பி அறுவைக்கு வந்த இவர்களுள்ளும் சிலரது குஞ்சத்தில், அறுத்துப் பார்த்தபோது புற்று ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மரபுவழி ஆபத்து இல்லாதவர்கள் விஷயத்தில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2010இல் புதிய வழியொன்றைத் தொடங்கியது: வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போதும், கருத்தடை அறுவையின்போதும், சினைப்பையை விட்டுவிட்டுக் குழாய்களை மட்டும் முழுமையாக அகற்றிவிடுவது. அவ்வாறு அகற்றிக்கொண்ட 25,889 பெண்களில் ஐந்து பேருக்குச் சீரஸ் வகை நோய் வந்திருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்துக்குள் ஒருவருக்கும் வரவில்லை என 2022இல் அங்கிருந்து அறிவிக்கப்பட்டது. கருப்பை எடுக்கும் அறுவைக்கு இதைத் தமிழ்நாட்டிலும் தயக்கமின்றி ஏற்கலாம், பல மருத்துவர்கள் ஏற்றும் உள்ளனர். இருபத்தைந்து வயதில், பிரசவத்தின் மறுநாளே செய்யப்படும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு அப்படியே பொருத்துவது அவ்வளவு எளிதன்று: குழாயைச் சுற்றி இரத்தநாளங்கள் புடைத்திருக்கும் வேளை அது, நிமிடக் கணக்கில் முடியும் அறுவை நீளும், மேலும், முழுவதும் எடுத்த குழாயைப் பின்னாளில் இணைக்க வழியே இராது. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்குத் தமிழ்நாடு அரசு குழாய் இணைப்பு அறுவையை இலவசமாகச் செய்ய முன்வந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

எந்த அறுவையாயினும், வெளியே வந்த குழாய் ஃபார்மலின் பாட்டிலில் இடப்பட்டு, பெயரும் பக்கமும் எழுதிய சீட்டோடு ஆய்வகம் சேர்ந்ததா என்பதும், அறிக்கையில் இரு குஞ்சங்களும் தனித்துக் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்பதும் குடும்பத்தார் கேட்டறியக்கூடியவை. மெழுகுக் கட்டிகளையும் சாயமேற்றிய கண்ணாடிகளையும் ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றன. அடையாறுக்கோ வேலூருக்கோ இரண்டாவது கருத்துக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது ஸ்கேன் படமன்று, இந்தக் கட்டிகளே. கட்டியாகாமல் பாட்டிலில் எஞ்சிய திசுவையோ அறிக்கை கொடுத்த சில வாரங்களில் அப்புறப்படுத்திவிடுவார்கள் என்பதால், குஞ்சம் விடுபட்டிருந்தால் மீண்டும் அறுத்துப் பார்க்கும்படி கேட்பதற்கு உள்ள காலம் அந்தச் சில வாரங்கள் மட்டுமே.